தாளம் போட ஆளில்லாத தனி

ஃபரெல் வில்லியம்ஸின் 'இன் மை மைண்ட்' ஆல்பத்தை இந்த ஆடியில் முதலிலிருந்து கடைசி வரை மறுபடி கேட்டேன். 2006 ஜூலை 25-இல் வந்த ஆல்பம். வந்தபோது என்னை ரொம்பவும் ஏமாற்றியது. இத்தனை வருடம் கழித்தும் அந்த ஏமாற்றம் குறையவில்லை. அன்றைக்கு மனசில் வெறுமை மட்டும்தான் இருந்தது. இன்றைக்கு, இதோ இங்கேதான் சறுக்குகிறது என்று விரல் வைத்துக் காட்ட முடிகிறது. என் காதைத் திறந்துவிட்ட இசைத் தயாரிப்பாளர் அவர். அவர் தன் பெயரில் போட்ட முதல் ஆல்பம் ஏன் இப்படி ஆனது என்று யோசிப்பது எனக்கு முக்கியமாகப் படுகிறது.

கேட்க வைத்தவன் அக்கா மகன். கொழிஞ்சாம்பாறைப் பக்கம் மைக் செட், லைட் செட் வாடகைக்கு விடுவது எங்கள் வீட்டுத் தொழில். ஆடி வந்தால் எல்லைக்கு இந்தப் பக்கமும் கல்யாணம் கிடையாது, அந்தப் பக்கமும் கிடையாது. நமக்கு ஆடி, மலையாளிகளுக்குக் கர்க்கடகம். மாரியம்மன் கோயில்களுக்கு அவ்வப்போது செட் போகும், மற்ற நாளெல்லாம் பேஸ் பாக்ஸும் ஆம்ப்ளிஃபையரும் குடோனில் தார்ப்பாய்க்குக் கீழே கிடக்கும். பாலக்காட்டுக் கணவாய்க் காற்று தகரக் கூரையைத் தூக்கித் தூக்கிப் போடும். அந்த குடோனில் அவன் லேப்டாப்பை வைத்துக்கொண்டு எஃப்எல் ஸ்டுடியோ என்ற இசை மென்பொருளில் பீட், அதாவது பாட்டுக்கு அடியில் ஓடும் தாள இசை, போட்டுக்கொண்டிருக்கிறான். நல்ல பீட். தாய்மாமன் என்பதற்காகச் சொல்லவில்லை, தொழில்காரனாகச் சொல்கிறேன்: எங்கே அடிக்க வேண்டும் என்பதைவிட எங்கே அடிக்கக் கூடாது என்பது அந்த வயதிலேயே அவனுக்குத் தெரிந்திருக்கிறது.

"மாமா, இதையெல்லாம் ஒண்ணாப் போட்டு ஒரு ஆல்பம் பண்றேன். பீட்டும் நாந்தான், எழுத்தும் நாந்தான், கொரலும் நாந்தான். எதுக்கு இன்னொருத்தனப் போய்க் கெஞ்சோணும்?"

நான் பதில் சொல்லவில்லை. வீட்டுக்குள் போய் அந்த சிடியைத் தேடி எடுத்து வந்தேன். ஷார்ஜாவில் வேலை பார்த்த பக்கத்து வீட்டு அண்ணன் லீவில் வரும்போது வாங்கி வந்தது. அப்போது எங்கள் ஊரில் ஒரிஜினல் சிடி என்பதே அபூர்வம். வேலந்தாவளம் தாண்டிப் போனால் கோயம்புத்தூரில் எம்பி3 சிடிகள் குவிந்து கிடக்கும், அதில்தான் எல்லாரும் கேட்டார்கள்.

ஃபரெல் யார் என்று இன்றைய பிள்ளைகளிடம் கேட்டால் 2013-இல் வந்த 'ஹேப்பி' பாட்டைச் சொல்வார்கள், பெரிய தொப்பியைச் சொல்வார்கள், 2023-இலிருந்து லூயி விட்டான் கம்பெனியின் ஆண்கள் உடைப் பிரிவுக்கு அவர்தான் தலைமை என்பார்கள். எனக்கு அவர் தி நெப்ட்யூன்ஸ் என்ற தயாரிப்பாளர் ஜோடியில் பாதி. மறுபாதி சாட் ஹ்யூகோ. அமெரிக்காவின் வர்ஜீனியா பீச்சில் பள்ளிக்கூட வயதில் ஒரு இசை முகாமில் சந்தித்துக்கொண்ட இரண்டு பையன்கள். ஒருவர் டிரம்ஸ், இன்னொருவர் சாக்ஸஃபோன். தொண்ணூறுகளின் கடைசியிலிருந்து ஏழெட்டு வருடத்துக்கு இவர்கள் கை படாத பெரிய பாடகர் அங்கே குறைவு. 1998-இல் நோரியேகாவுக்கு 'சூப்பர்தக்', 2000-இல் ஜே-ஸீக்கு, 2001-இல் பிரிட்னி ஸ்பியர்ஸுக்கு, 2002-இல் நெல்லியின் 'ஹாட் இன் ஹியர்', அதே வருடம் ஜஸ்டின் டிம்பர்லேக்கின் முதல் தனி ஆல்பத்தில் பாதிக்கு மேல். டிவியில் இங்கிலீஷ் பாட்டு சேனல் வைத்தால் அரை மணி நேரத்துக்குள் இவர்கள் போட்ட பீட் ஒன்றாவது வந்துவிடும். பாட்டின் முதல் ஒலியே நான்கு முறை திரும்பத் திரும்ப விழுந்து, அப்புறம்தான் பாட்டு நடக்க ஆரம்பிக்கும். அதைக் கேட்டாலே போதும், யார் போட்டது என்று சொல்லிவிடலாம்.

இவர்களுடைய வேலையில் எனக்கு உயிர் 2004-இல் ஸ்நூப் டாகுக்குப் போட்ட 'டிராப் இட் லைக் இட்ஸ் ஹாட்'. அமெரிக்காவில் பில்போர்டு பட்டியலில் முதலிடத்துக்குப் போன பாட்டு. அதில் என்ன இருக்கிறது? ஒரு டிரம். நாக்கை மேலண்ணத்தில் வைத்துச் சொடுக்கும் 'டொக்' சத்தம். பெயிண்ட் ஸ்பிரே அடிப்பது மாதிரி ஒரு சீறல். எப்போதாவது வந்துபோகும் ஒரு கீபோர்டு. அவ்வளவுதான், மீதியெல்லாம் காலி. எங்கள் பேஸ் பாக்ஸில் அதைப் போட்டால் சொடுக்குக்கும் சொடுக்குக்கும் நடுவில் ஆள் நடந்து போகும் அளவுக்கு இடம் இருப்பது தெரியும். ஸ்நூப்பின் சோம்பலான குரல் அந்த இடத்தில் வந்து உட்காரத்தான் அத்தனை காலியும். அதே பாட்டில் ஃபரெலும் ஒரு வெர்ஸ் ராப் பாடுகிறார். பிரமாதமாகப் பாடுகிறார். அலட்டல் இல்லாமல், நாலு வார்த்தைக்கு ஒருமுறை நின்று, சொடுக்கோடு விளையாடிவிட்டு மைக்கை ஸ்நூப்பிடம் திருப்பிக் கொடுத்துவிடுவார்.

அந்த வெர்ஸைக் கேட்ட யாருக்கும் அடுத்து வரும் ஆசை எனக்கும் வந்தது: இந்த மனுஷன் தனியாக ஒரு ஆல்பம் போட்டால்? 2003-இல் 'ஃப்ரண்டின்' என்று தன் பெயரில் ஒரு பாட்டு விட்டிருந்தார். கீச்சுக் குரலில், வெட்கம் கலந்து, ஒரு பெண்ணிடம் 'நான் போட்டதெல்லாம் வேஷம்' என்று ஒப்புக்கொள்ளும் பாட்டு. பட்டியலில் ஐந்தாம் இடம் வரை போனது. அது போதாதா? ஆல்பம் முதலில் 2005 நவம்பரில் வருவதாக இருந்தது. வரவில்லை. தள்ளிப்போனது. தள்ளிப்போகப் போக எதிர்பார்ப்பு ஏறியது.

வந்தது. அமெரிக்காவில் முதல் வாரமே மூன்றாம் இடத்தைப் பிடித்தது. விற்பனைக் கணக்கில் அதைத் தோல்வி என்று சொல்ல முடியாது. ஆனால் ஆல்பத்துக்கு முன்னோடியாக விட்ட 'கேன் ஐ ஹேவ் இட் லைக் தட்' அங்கே 49-ஐத் தாண்டவில்லை, பிரிட்டனில்தான் மூன்றுக்குப் போனது. நெப்ட்யூன்ஸ் கை வைத்தாலே முதல் பத்தில் என்றிருந்த காலத்தில் 49 என்பது சின்னச் சறுக்கல் இல்லை.

ஆல்பத்தை மோட்டாவாக இரண்டாகப் பிரிக்கலாம்: ராப் பாடும் ஃபரெல், மெலடி பாடும் ஃபரெல். பதினைந்து பாட்டு. காந்யே வெஸ்ட், ஜே-ஸீ, ஸ்நூப் டாக், சார்லி வில்சன், க்வென் ஸ்டெஃபானி, ஸ்லிம் தக், புஷா டி என்று விருந்தாளிகள்.

முதல் பாட்டே அந்த 49-ஆம் இடத்துப் பாட்டுதான். எனக்கு அது இன்றும் பிடிக்கும். கனமான ஒரு பேஸ், அதன் மேல் டிரம். க்வென் ஸ்டெஃபானி முழுப் பாட்டிலும் சொல்வது ஒரே ஒரு வரி. ஃபரெல் கேட்கிறார், அவர் ஆமாம் என்கிறார், திரும்பக் கேட்கிறார், திரும்ப ஆமாம் என்கிறார். அவ்வளவு பெரிய பாட்டுக்காரியைக் கூப்பிட்டு ஒரு வரிக்கு உட்கார வைக்கும் தைரியம் பழைய ஃபரெலுடையது. பெருமை பேசும் பாட்டுகளில் இந்த ஒன்றில் மட்டும் ராப் தன் வேலையைச் செய்கிறது என்று நினைக்கிறேன், ஏனென்றால் எதிரில் ஒருத்தி இருக்கிறாள். கேட்ட கேள்விக்குப் பதில் வருகிறது.

அதற்கு அப்புறம் வரும் ராப் பாட்டுகள் பெரும்பாலானவற்றில் எதிரில் யாரும் இல்லை. வைரம், கார், வீடு, ஜப்பானிய நண்பர் நிகோவோடு தொடங்கிய பில்லியனர் பாய்ஸ் கிளப் உடைகளின் உலகம், பறந்துபோன நாடுகள். ஒன்று முடிந்தால் இன்னொன்று. இங்கே ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். பெருமை பேசுவது ராப்பில் குற்றமே இல்லை. ஜே-ஸீ தன் பணத்தைப் பற்றிப் பேசாத பாட்டு எத்தனை? அந்தப் பெருமைக்குப் பின்னால் ஒரு பசி நிற்கும், ஒரு பழைய தெரு நிற்கும், பிடிபட்டுவிடுவோமோ என்ற பயம் நிற்கும். அதனால் கேட்பவனும் கூடவே நெஞ்சை நிமிர்த்திக்கொள்கிறான். ஃபரெலின் பெருமையில் அந்தப் பின்னணி வரவே மாட்டேன் என்கிறது. ஸ்கேட்போர்டு ஓட்டித் திரிந்த, வினோதமான இசையைக் கேட்டு வளர்ந்த பையன் அவர். உண்மையில் ராப் உலகத்துக்கு அதுவே ஒரு புதுக் கதை. அந்தக் கதையைச் சொல்லாமல் எல்லாரும் சொல்லும் கதையைச் சொல்கிறார். அதுதான் எனக்கு வலிக்கிறது. இந்த மாதிரிப் பையனுக்கு இங்கே இடமுண்டு என்று தன் பீட்டால் கதவைத் திறந்தவர், தன் முறை வந்தபோது அந்தப் பையனை வெளியே நிறுத்திவிட்டார்.

குரல் விஷயத்தையும் சொல்ல வேண்டும். மெல்லிய குரல் அவருடையது. மெலிசு என்பது குறை இல்லை, ஆனால் மெலிசான குரலுக்கு இடம் விட வேண்டும். குடோனில் இந்த ஆல்பத்தை எங்கள் செட்டில் போட்டபோது முதலில் கண்ணில் பட்டது அதுதான். பேஸ் பிரமாதமாக இறங்குகிறது, மேல் ஒலிகள் பளிச்சென்று இருக்கின்றன, குரல் மட்டும் நடுவில் நசுங்குகிறது. மிக்ஸரில் நடு ஒலிகளை, அதாவது மிட்-ஐ, ஏற்றினேன், கீபோர்டும் சேர்ந்து ஏறியது. இறக்கினேன், குரலே போய்விட்டது. ஸ்நூப்புக்கும் ஜே-ஸீக்கும் பீட் போடும்போது அந்த நடு இடத்தை ஃபரெல் காலியாக வைத்திருப்பார். தனக்கென்று போடும்போது அங்கேயே கீபோர்டையும் வைத்து, தன் குரலையும் அடுக்கடுக்காகப் போட்டு அடைத்திருக்கிறார். ஸ்லிம் தக் வரும் 'கீப் இட் ப்ளேயா' பாட்டில் இது நன்றாகத் தெரியும். ஹூஸ்டன்காரர், பாதாளத்திலிருந்து வருகிற மாதிரிக் குரல். அவர் வாயைத் திறந்ததும் அதே பீட் சட்டென்று சரியாகிவிடுகிறது, நாற்காலியில் ஆள் வந்து உட்கார்ந்த மாதிரி. பீட்டுக்கு ஒன்றும் கேடில்லை என்பதற்கு இதைவிட சாட்சி வேண்டாம்.

இன்னும் பெரிய சாட்சி ஒன்று இருக்கிறது. அதே 2006, நவம்பர் மாதம் கிளிப்ஸ் என்ற ராப் ஜோடிச் சகோதரர்களின் 'ஹெல் ஹேத் நோ ஃப்யூரி' வந்தது. புஷா டி, மேலிஸ் இருவரும் ஃபரெலின் வர்ஜீனியாக்காரர்கள், அவர் வளர்த்தெடுத்தவர்கள். கம்பெனித் தகராறில் பல காலம் முடங்கிக் கிடந்த ஆல்பம். தயாரிப்பு முழுக்க நெப்ட்யூன்ஸ். அந்த வருடத்தின் ஆகச் சிறந்த ராப் ஆல்பம் அதுதான் என்று சொல்லும் பெருங்கூட்டம் உண்டு, நானும் அதில் ஒருவன். எலும்பும் தோலுமான பீட், ஈவிரக்கமில்லாத குளிர். அதில் 'மிஸ்டர் மீ டூ' என்ற பாட்டில் ஃபரெல் ராப் பாடுகிறார். பேசுவது அதே பணம், அதே பெருமை. ஆனால் நிதானமாக, பல்லைக் கடித்துக்கொண்டு, எதிராளியைப் பார்த்தபடியே. பக்கத்தில் புஷா டி காத்து நிற்கிறார் என்பது ஒவ்வொரு வரியிலும் தெரிகிறது. அவர் முன்னால் ஒரு வரிகூடச் சோடை போகக் கூடாது. ஒரே வருடம், ஒரே கை, ஒரே வாய். ஒன்றில் பொன், இன்னொன்றில் பித்தளை.

அப்படியானால் அவருக்கு ராப் வராது என்ற பேச்சே தப்பு. வரும். கூட ஆள் வேண்டும்.

பாலக்காட்டுக்காரனாக இருந்துகொண்டு இந்த இடத்தில் மணி ஐயரை நினைக்காமல் எப்படி இருப்பது? பாலக்காடு மணி ஐயர், 1912-இல் பிறந்து 1981-இல் மறைந்தவர். மிருதங்கத்துக்காக முதன்முதலில் சங்கீத கலாநிதி பட்டம் பெற்றவர், 1966-இல். பக்கவாத்தியம் என்பதை அவர் எங்கே கொண்டுபோய் வைத்தார் என்பதை விஷயம் தெரிந்தவர்கள் நாள்கணக்கில் பேசுவார்கள். எங்கள் சித்தூர்ப் பக்கத்தில் இன்றும் பேசுகிறார்கள். பாட்டின் சாகித்தியம் தெரிந்து, வார்த்தை விழும் இடம் தெரிந்து வாசிப்பார் என்பார்கள். அரியக்குடிக்கு வாசித்தது வேறு, செம்பைக்கு வாசித்தது வேறு. பாடுபவர் யாரோ அவருக்குத் தகுந்த மிருதங்கம். மைக் வைப்பதையே விரும்பாதவர் அவர். மைக் செட் வைத்துப் பிழைக்கிற நான் அவரைக் கும்பிடுவதற்கும் அது தடையாக இருந்ததில்லை.

மணி ஐயருக்கும் தனி உண்டு. கச்சேரியில் ஒரு கட்டத்தில் பாட்டு நிற்கும், தனி ஆவர்த்தனம் தொடங்கும். பாடகர் வாயை மூடிக்கொள்வார், ஆனால் மேடையை விட்டு இறங்கிவிட மாட்டார். தொடையில் தாளம் போட்டுக்கொண்டே உட்கார்ந்திருப்பார். மிருதங்கக்காரர் எவ்வளவு தூரம் போனாலும் அந்தக் கை விழுந்துகொண்டே இருக்கும். கோர்வை வைத்து முடித்ததும் விட்ட இடத்தில் பாட்டைப் பிடித்துக்கொள்வார்கள். தனி என்று பெயர், ஆனால் அங்கே யாரும் தனியாக இல்லை. ஃபரெலின் ஆல்பத்தைக் கேட்டுக்கொண்டிருந்தபோது எனக்குத் தோன்றியது, இது தாளம் போட ஆளில்லாத தனி. அட்டையில் நெப்ட்யூன்ஸ் என்ற இருவர் பெயர் இல்லை. 'இந்தப் பாட்டு வேண்டாம்டா' என்று சொல்லும் உரிமை சின்ன வயதிலிருந்து கூட இருந்த சாட் ஹ்யூகோவுக்குத்தான் உண்டு. அவ்வளவு பெரிய ஆள் ஆன பிறகு வேறு யார் சொல்வார்கள்?

மெலடிப் பாதியை நான் இவ்வளவு கடிந்துகொள்ள மாட்டேன். 'ஏஞ்சல்' சின்னப் பையன் சைக்கிள் ஓட்டுவது மாதிரி ஓடுகிற பாட்டு. 'நம்பர் ஒன்' காந்யே வரும் வரை ஒரு மாதிரி, வந்த பிறகு வேறு மாதிரி, இரண்டும் நன்றாகத்தான் இருக்கிறது. சார்லி வில்சன் வரும் 'தட் கேர்ள்' இனிப்பு. 2003-இல் ஸ்நூப்புக்குப் போட்ட 'பியூட்டிஃபுல்' பாட்டின் தம்பி என்று சொல்லலாம், அந்தப் பாட்டிலும் இதே மூவர். 'அவர் ஃபாதர்' தவிர மற்றவை காதில் தங்கவில்லை. 'டேக் இட் ஆஃப்' மாதிரிப் பாட்டுகள் யாருக்கோ எழுதிவைத்து, ஆள் வராமல் அவரே பாடிவிட்டதுபோல இருக்கின்றன.

நடுவில் இரண்டு ராப் பாட்டுகள் இருக்கின்றன, அவற்றைப் பற்றித்தான் யாரும் பேசுவதில்லை. 'பெஸ்ட் ஃப்ரெண்ட்', 'யூ கேன் டூ இட் டூ'. முதலாவதில் அந்தப் பணக்காரக் குரல் தாழ்ந்து, தன்னோடு தானே பேசும் மனுஷன் வெளியே வருகிறார். உள்ளே அடைத்து வைத்த பாரத்தை இறக்கி வைக்கும் பாட்டு. இரண்டாவதில் இங்கிலாந்து ஜாஸ்காரர் ஜேமி கல்லம் கூட இருக்கிறார். மழை விட்ட சாயங்காலம் மாதிரி ஒரு இசை, அதன் மேல் 'என்னால் முடிந்தால் உன்னாலும் முடியும்' என்று சின்ன ஊர்ப் பையன்களுக்குச் சொல்கிறார். 2006-இல் இந்தப் பாட்டைக் கேட்டுக்கொண்டே சித்தூர் பஸ்ஸில் போனது நினைவிருக்கிறது. ஆல்பம் முழுக்க இந்த மனுஷன் ஏன் வரவில்லை என்று அப்போதே ஆற்றாமையாக இருந்தது. இப்போதும் இருக்கிறது.

ஆல்பம் வந்த கொஞ்ச காலத்தில் ஒரு விசேஷம் நடந்தது. தி ரூட்ஸ் குழுவின் டிரம்மர் க்வெஸ்ட்லவும் கீபோர்டுக்காரர் ஜேம்ஸ் பாய்சரும் இந்தப் பாட்டுகளின் குரலை மட்டும் எடுத்துக்கொண்டு, கருவிகளை வைத்து நேரடியாக வாசித்து இசையைப் புதிதாகப் போட்டார்கள். 'அவுட் ஆஃப் மை மைண்ட்' என்று பெயர். முறைப்படி கடைக்கு வரவில்லை, இணையத்தில் சுற்றியது. அதே வார்த்தை, அதே குரல். பின்னால் மட்டும் மனுஷர்கள் வாசிக்கிறார்கள். அக்கா மகனுக்கு இரண்டையும் அடுத்தடுத்துப் போட்டுக் காட்டினேன்.

"இது வேற ஆளு பாடறாப்புல இருக்குதுங் மாமா."

"அதே ஆளுதான் கண்ணு. அதே கொரலுதான்."

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தான். அப்புறம் அவனே முதல் ஆல்பத்துக்குப் போய் அதே பாட்டை மறுபடி வைத்தான், மறுபடி இதை வைத்தான். இப்படித்தான் காது பழகும், நான் இடையில் புகவில்லை. என் கணக்கு இது: புது இசையிலும் வெறும் பெருமைப் பாட்டுகள் பெருமைப் பாட்டுகளாகவே இருக்கின்றன, க்வெஸ்ட்லவ் வந்தும் அவற்றைக் காப்பாற்ற முடியவில்லை. ஆனால் மனசு திறந்து பேசும் பாட்டுகள் இரண்டு மடங்கு உயர்ந்துவிடுகின்றன. டிரம்ஸ் வாசிக்கும் ஒருவர் அந்தக் குரலைக் கேட்டுக்கேட்டு அடிக்கிறார் என்பதுதான் வித்தியாசம். குரல் தயங்கினால் அவரும் தயங்குகிறார். ஃபரெல் மற்றவர்களுக்கு இத்தனை வருடம் செய்து வந்த வேலை அது. அவருக்கு அதை யாரோ செய்ய வேண்டியிருந்தது.

ஃபரெலே பின்னால் ஒரு பேட்டியில் இந்த ஆல்பத்தைப் பற்றிப் பேசினார். அந்தப் பாட்டுகளை ஈகோவில் எழுதினேன், பணத்தையும் அந்த வாழ்க்கையையும் பற்றியே எழுதினேன், அதில் ஒரு நோக்கமும் இல்லை என்கிற பொருளில். இவ்வளவு நேர்மையாகத் தன் ஆல்பத்தைப் பற்றிப் பேசியவர்கள் குறைவு, அதற்காக அவர்மேல் மரியாதை கூடியது. ஆனால் அவர் சொன்னது பாதிதான் என்று எனக்குப் படுகிறது. ஈகோ இல்லாத ராப்பர் யார்? கிளிப்ஸ் ஆல்பத்தில் இல்லாத ஈகோவா? நோக்கம் நல்லதாக இருந்திருந்தாலும், அந்தப் பதினைந்தையும் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டு ஆறேழைத் தூக்கிப்போட ஒரு ஆள் இல்லாமல் போயிருந்தால் இதே கதிதான்.

அடுத்த தனி ஆல்பத்துக்கு எட்டு வருடம் எடுத்துக்கொண்டார். 2014-இல் வந்த 'கேர்ள்' முழுக்க மெலடி. ராப் ஃபரெலைத் தேடித்தான் பார்க்க வேண்டும். அப்புறம் 2017-இல் அவருடைய என்.இ.ஆர்.டி குழுவில் 'லெமன்' என்ற பாட்டு. அதில் நெருப்பாக ஒரு ராப் வருகிறது, பாடுவது ரிஹானா. ராப் பாடிப் பெயர் வாங்கியவர் இல்லை அவர். அவருக்குள் ஒரு ராப்பர் இருப்பதை ஃபரெல் கேட்டிருக்கிறார். எனக்கு அது அந்தப் பழைய ஃபரெல், தன் வாயில் போட்டுக்கொள்ளும் வரியை வாங்கி இன்னொருவர் வாயில் வைத்துப் பார்க்கும் ஃபரெல்.

2025 ஜூலையில் கிளிப்ஸ் சகோதரர்கள் பதினைந்து வருடத்துக்கு மேல் கழித்து மறுபடி சேர்ந்து 'லெட் காட் சார்ட் எம் அவுட்' போட்டார்கள். தயாரிப்பு முழுக்க ஃபரெல். முதல் பாட்டிலேயே அண்ணன் தம்பி இருவரும் இறந்துபோன தாய் தகப்பனைப் பற்றிப் பாடுகிறார்கள், ஆளுக்கொரு வெர்ஸ். ஐம்பதை ஒட்டிய வயது ஆண்கள், அம்மாவோடு கடைசியாகப் பேசிய பேச்சை நினைத்து நினைத்துச் சொல்கிறார்கள். ஃபரெல் அங்கே என்ன செய்கிறார் என்று கேட்டால், அவர்கள் அழ இடம் கொடுத்துவிட்டு ஒதுங்கி நிற்கிறார். அதைக் கேட்டபோது எனக்குக் கண் கலங்கியது, சொல்வதில் வெட்கமில்லை.

இங்கே கேரளத்திலும் பாருங்கள். 2024-இல் உலகம் முழுக்க ஓடிய 'பிக் டாக்ஸ்' பாட்டு ராப்பர் ஹனுமான்கைண்ட் பெயரில் இருந்தாலும் பீட் தயாரிப்பாளர் கல்மியுடையது. ஒருவர் அடிக்கிறார், ஒருவர் பேசுகிறார். 2006-இல் ஃபரெல் இந்த ஆல்பத்தோடு வந்த அதே வருடம்தான் மலேசியாவிலிருந்து யோகி பி, நட்சத்ரா குழுவின் தமிழ் ராப் ஆல்பம் 'வல்லவன்' வந்து நம் பக்கத்து ஆட்டோக்களை எல்லாம் நிறைத்தது. அதுவும் ஒருவர் வேலை இல்லை. அக்கா மகனிடம் இதைச் சொன்னேன். ஹனுமான்கைண்ட் பெயரைக் கேட்டதும்தான் நிமிர்ந்து உட்கார்ந்தான், யோகி பி அவனுக்குத் தாத்தா காலம்.

'இன் மை மைண்ட்' கேட்காதவர்களுக்கு: பதினைந்தையும் கேட்க வேண்டாம். 'கேன் ஐ ஹேவ் இட் லைக் தட்', 'பெஸ்ட் ஃப்ரெண்ட்', 'யூ கேன் டூ இட் டூ', 'ஏஞ்சல்', 'தட் கேர்ள்', 'அவர் ஃபாதர்', 'நம்பர் ஒன்'. இந்த ஏழை மட்டும் இந்த வரிசையில் வையுங்கள், நல்ல ஆல்பம் ஒன்று கிடைக்கும். பென் டிரைவில் அப்படித்தான் போட்டு வைத்திருக்கிறேன். அக்கா மகன் ஒத்துக்கொள்ளவில்லை. ஸ்லிம் தக் பாட்டையும் சேர்க்க வேண்டும் என்கிறான். அந்தக் குரல் வந்ததும் பீட் நிமிர்கிறது என்று நீங்கள்தானே சொன்னீர்கள் என்று என் வாதத்தையே எனக்குத் திருப்பிவிடுகிறான். அந்தப் பாட்டில் ஸ்லிம் தக் வருவதற்கு முன்னால் ஃபரெல் எடுத்துக்கொள்ளும் நேரத்தைக் கேள் என்கிறேன். கேட்டாயிற்று, இருந்தாலும் சேர்க்கலாம் என்கிறான். ஆவணி பிறந்து செட்டுகள் வண்டி ஏறும் வரை இது ஓடும் போலிருக்கிறது.